ஹெக்சாஃப்ளெக்சகன்: 1, 2, 3 மட்டும் வருது, 4, 5, 6 வரவே மாட்டேங்குது

தாள்பித்தன் கேட்டது:
A4 தாள்ல 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டை வெட்டி, 19 சமபக்க முக்கோணமா மடிச்சு ஆறு முக ஃப்ளெக்சகன் (பட்டையை மடிச்சு ஒட்டின தாள் அறுகோணம், உள்ளே ஒளிஞ்சிருக்கிற முகங்கள் ஒவ்வொண்ணா வெளிய வரும்) செஞ்சிருக்கேன். முன்பக்கம் 1, 2, 3, 1, 2, 3. பின்பக்கம் 4, 4, 5, 5, 6, 6. மூணு முக ஃப்ளெக்சகன்ல செய்யிற மாதிரியே ஒவ்வொரு தடவை மலர்த்தினதும் (மூலையைக் கிள்ளி மடிச்சு, நடுவுல திறந்து புது முகத்தை வெளிய கொண்டுவந்ததும்) அடுத்த மூலைக்கு நகர்றேன். 1, 2, 3தான் சுத்திச் சுத்தி வருது. போதாக்குறைக்கு 1ஆம் முகத்துல ஒரு முக்கோணம் எண்ணே இல்லாம இருக்கு. ஓரங்களும் சரியாப் பொருந்தல.

கோணமானி:
மடிப்பு சரிதான். மூலை மாத்துறதுதான் சிக்கல். மூணு முகத்துல ஒவ்வொரு தடவையும் நகர்ந்தே ஆகணும். இதுல அப்படி நகர்ந்தா 1-2-3 வட்டத்தை விட்டு வெளியே வரவே மாட்டீங்க. பிடிச்ச மூலையை விடாம மலர்த்துங்க. திறக்கலைன்னா மட்டும் பக்கத்து மூலைக்குப் போங்க. இதுக்கு டக்கர்மன் பயணம்னு பேர். 12 மலர்த்தல்ல ஒரு சுத்து முடியும்: 1, 2, 3 தலா மூணு தடவை, 4, 5, 6 தலா ஒரு தடவை.

ஓரத்துல அடுக்குகளை எண்ணிப் பாருங்க. 1, 2, 3க்குள்ள இருக்கும்போது முக்கோணங்கள் 2, 4, 2, 4 அடுக்கா இருக்கும். நாலடுக்கு பிரிஞ்சா மறுபடி 1-2-3. ரெண்டடுக்கு பிரிஞ்சாத்தான் 4, 5, 6ல ஒண்ணு வரும். அப்ப அடுக்கு 1, 5, 1, 5னு ஆயிடும். ஓரடுக்கைப் பிரிக்க முடியாது, அதனால ஒரே ஒரு வழிதான் திறக்கும். மாட்டிக்கிச்சுன்னு இழுத்துக் கிழிச்சிடாதீங்க.

வெண்தாள்:
அந்த வெற்று முக்கோணம் எப்படி வந்திருக்கும்னா, முதல் முக்கோணத்தோட முதுகுலயே 4ஐ எழுத ஆரம்பிச்சிருக்கீங்க. முதல் முக்கோணத்தோட முதுகும் 19ஆவதோட முன்பக்கமும் காலியா இருக்கணும். அந்த ரெண்டும்தான் ஒட்டுற இடம். 2, 3ஆவது முக்கோணங்களுக்குப் பின்னால 4. 4, 5ஆவதுக்குப் பின்னால 5. 6, 7ஆவதுக்குப் பின்னால 6. இப்படியே 19 வரை. உங்களோடதுல முன்பக்கத்து முதல் ‘1’ பசைக்குள்ள போயிடுச்சு. பிரிக்க வேண்டாம், காலி இடத்துல 1னு எழுதினாப் போதும்.

கோணமானி:
ஓரம் பொருந்தாததுக்குக் காரணம் கோணம். அளவுகோலே வேண்டாம். பட்டையோட நுனியை 45° மடிங்க. அடுத்து, பட்டையோட ஓரத்தை அந்த மடிப்புக்கோட்டு மேல படிய வச்சு மடிங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு தொடருங்க. ஒவ்வொரு மடிப்பும் மீதிக் கோணத்தைச் சரிபாதியாக்குது, அதனால பிழையும் பாதிப் பாதியாக் குறையும்: 45, 67.5, 56.25, 61.88, 59.06, 60.47, 59.77. முதல் ஆறு முக்கோணத்தை வெட்டிப் போட்டுடுங்க.

ஆனா A4ல அதுக்கு இடமில்ல. 2.5 செ.மீ. அகலத்துல பக்கம் 2.89 செ.மீ.; 19 முக்கோணத்துக்கே 28.9 செ.மீ. போயிடும், தாளே 29.7தான். 1939ல அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல படிச்ச பிரிட்டிஷ் மாணவர் ஆர்தர் ஸ்டோன் அமெரிக்கத் தாளை தன்னோட பிரிட்டிஷ் கோப்புல அடங்குறதுக்காக நறுக்கினப்போ மிஞ்சின பட்டைகள்லதான் இது பிறந்துச்சு. நமக்கு A4ல அந்த யோகம் இல்ல.

வெண்தாள்:
57 மி.மீ. பில் ரோல் ஒரு மீட்டர் எடுங்க. பக்கம் 6.6 செ.மீ. வரும், கழிவு போக 66 செ.மீ. போதும். நகத்தால மட்டும் தேய்க்காதீங்க: அது வெப்பத் தாள்னா (சூடு பட்டா கறுக்கிற தாள்) பூச்சு இருக்கிற பக்கம் மடிப்புக் கோடெல்லாம் கறுத்துடும். விரல் சதையால அழுத்துங்க.