ரப்பர் ஷீட் தண்ணீர் விட்டதும் சாண எரிவாயு எரிய மறுக்கிறது

குலசேகரம் பக்கம், ஷீட் அடிக்கும் கொட்டகையை ஒட்டி 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன், வாயு சேர மிதக்கும் ஃபைபர் டிரம். 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர் எனத் தினமும் ஊற்றியவரை நீலச் சுடர் நின்று எரிந்தது. ஜூன் மழை தொடங்கிய பிறகு, தண்ணீருக்குப் பதிலாக உறைந்த ரப்பர் பாலைப் பிழிந்து வரும் ஷீட் தண்ணீர் முழுவதும் போகிறது. உறைய வைப்பது ஃபார்மிக் அமிலத்தில். சல்பூரிக் தொடுவதே இல்லை.

இப்போது டிரம் நன்றாக மேலே வருகிறது, ஆனால் சுடர் பர்னரை விட்டு எழும்பி அணைந்துவிடுகிறது. கரியமில வாயு கூடி மீத்தேன் குறைந்ததன் அறிகுறி இது. வெளியேறும் கரைசலின் பி.ஹெச். (அமிலம் கூடினால் இறங்கும் அளவு) 5.8.

குழாயில் தேங்கிய நீரை வடித்தாயிற்று, பர்னர் துளைகளும் சுத்தம். ஷீட் தண்ணீரை ஒரு வாரம் நிறுத்தி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் விட்டதில் பி.ஹெச். 6.6 வரை ஏறியது. மறுபடி ஷீட் தண்ணீர் விட்டதும் இறங்கிவிட்டது. சுண்ணாம்பை இன்னும் கூட்டினால் கரியமில வாயுவோடு சேர்ந்து அடியில் வண்டலாகப் படியும், அது வேண்டாம். நன்றாக ஓடும் கலனிலிருந்து கரைசல் 100 லிட்டர் வாங்கி ஊற்றியும் நிலைக்கவில்லை. பாலில் அமோனியா கலப்பதில்லை, அதனால் அமோனியா செரிமானத்தைக் கெடுக்கிறதோ என்ற சந்தேகமும் இல்லை.

ஷீட் தண்ணீரை ஓடையில் விட்டால் நாற்றமும் மீன் சாவும்தான் மிச்சம். எப்படியாவது கலனுக்குள்ளேயே செரிக்க வைக்க வேண்டும்.

ரப்பர் கொட்டகையில் கலன் ஓட்டுகிறவர்கள், 50 கிலோ சாணத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஷீட் தண்ணீர் வரை பி.ஹெச். இறங்காமல் விடுகிறீர்கள்?