இட்டேரியில் ஏடிவி ஓட்ட ஊராட்சி அனுமதி தரலாமா?

நெகமம் தோப்புக்காரன்:
எங்களுக்கு இரண்டு தென்னந்தோப்பு. நடுவில் ஊராட்சித் தார்ச்சாலை, அதைத் தாண்டி அரை கிலோமீட்டர் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற மண்பாதை. உரமூட்டை, மருந்து டேங்க் ஏற்றிப் போக ஏடிவி ஒன்று வாங்கினோம், சேறு மணல் எங்கும் ஓடுகிற ஹேண்டில் வைத்த நாலு சக்கர வண்டி. போன வாரம் தார்ச்சாலையைக் கடக்கும்போது நம்பர் பிளேட் இல்லை என்று நிறுத்தி அபராதம் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களே எந்தத் தெருவில் ஏடிவி ஓடலாம் என்று விதி போடுகின்றன. மேற்கு வர்ஜீனியாவில் நடுக்கோடு இல்லாத சாலையில் மணிக்கு 25 மைல் வேகத்துக்குள் போகலாம். அக்டோபர் 2 கிராம சபையில் நாமும் ஒரு தீர்மானம் போட்டால் என்ன?

ஆனைமலை டீச்சர்:
தயவு செய்து வேண்டாங்க. எங்கள் ஊர்ப்பக்கம் தங்கும் விடுதி ஒன்றில் இருந்து விருந்தாளிகள் இந்த வண்டியை ஊருக்குள்ளேயே ஓட்டி வருகிறார்கள். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பதினைந்து வயசுப் பையன்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒதுங்க இடமில்லாமல் வேலியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இன்று உங்கள் தோப்புக்கு என்று கதவைத் திறந்தால் நாளை அவர்களும் அதே தீர்மானத்தைத்தான் காட்டுவார்கள்.

நெகமம் தோப்புக்காரன்:
அந்தப் பிள்ளையை நினைத்தால் மனசு வலிக்குது, டீச்சர். ஆனால் விளையாட்டுக்கு ஓட்டுகிறவனையும் வேலைக்கு ஓட்டுகிறவனையும் ஒரே தராசில் வைக்காதீங்க. எக்ஸ்எல் மொபெட்டில் பக்கத்துக்கு நூறு தேங்காய் கட்டிக்கொண்டு ஆடி ஆடிப் போவதை யாரும் கேட்பதில்லை. அப்பாவுக்கு எழுபது வயசு, முழங்கால் தேய்மானம். இந்த வண்டி வந்த பிறகுதான் மறுபடி தோப்புக்கே போகிறார்.

ஈரோடு வக்கீல்:
தம்பி, ஊராட்சிக்கு அந்த அதிகாரமே இல்லை. அமெரிக்காவில் சாலை விதி மாநிலத்தின் கையில் இருக்கிறது, மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிற அளவுக்குத்தான் அங்கே ஊர்கள் விதி போடுகின்றன. இங்கே 1988 மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. பிரிவு 39 படி பதிவில்லாத வண்டி பொது இடத்தில் ஓடக்கூடாது. மீறினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். பிரிவு 115 இருக்கிறதே என்பார்கள். அது ஒரு சாலையில் வண்டிகளைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்குத் தரப்பட்ட அதிகாரம், விலக்குக் கொடுக்க அல்ல.

டீச்சர் சொன்ன பையன்கள் விஷயம் இன்னும் கடுமை. 2019 திருத்தத்தில் வந்த 199அ பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டிச் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

பீளமேடு மெக்கானிக்:
சட்டத்தை விடுங்க, வண்டியே தார்ச்சாலைக்கு ஒத்து வராது. ஏடிவி டயரில் காற்று ஐந்தாறு பிஎஸ்ஐதான். காரில் முப்பதுக்கு மேல் வைப்போம். அந்தத் தொளதொள டயர் சேற்றிலும் மணலிலும் பரந்து பிடிக்கும். தாரில் வளைக்கும்போது பக்கவாட்டில் மடங்கும்.

பெரிய சிக்கல் பின் அச்சு. நிறைய ஏடிவிகளில் பின்னால் டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் ஒரு சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது, அதனால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே இழுக்கும். பயந்து ஹேண்டிலை இன்னும் ஒடித்தால் திடீரென்று பிடித்துக் கவிழும். அகலம் குறைவு, உட்காருகிற இடமோ உயரம். தோப்புக்குள் பல வருசம் நன்றாக ஓட்டியவர் தாரில் முதல் வளைவிலேயே விழுந்து, அந்த வண்டி என் பட்டறைக்கு வந்திருக்கிறது. தார்ச்சாலையில் ஓட்டாதே என்று செய்கிற கம்பெனியே வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புகிறது. உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் பாருங்க.

நெகமம் தோப்புக்காரன்:
பார்த்தேன் அண்ணா, ஒட்டியிருக்கிறது. இத்தனை நாளாக அதைப் படிக்காமல் விட்டது என் தப்பு. ஆனாலும் நான் கேட்பது சாலையைக் குறுக்கே தாண்ட மட்டும்தான், ஐந்து விநாடி. மீதி தூரம் இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வெறும் மண். அதுவும் சாலையா?

ஈரோடு வக்கீல்:
பொதுமக்கள் போக உரிமை உள்ள எந்த வழியும் பிரிவு 2(34) படி பொது இடம்தான். தாரா மண்ணா என்று சட்டம் பார்ப்பதில்லை. நான்கு காட்டுக்காரர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் உரிமையோடு நடக்கிற இட்டேரி அதில் அடங்கும். உங்கள் வேலிக்குள் ஓட்டுங்கள், யாரும் கேட்க முடியாது. இன்னொன்று, பதிவில்லாத வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கிடைக்காது. அந்த ஐந்து விநாடியில் யார் மேலாவது ஏறினால் நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தோப்பின் மேல்தான் வரும்.

பீளமேடு மெக்கானிக்:
தம்பி, போலாரிஸ் கம்பெனி ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை டிராக்டர் வகையில் ஒப்புதல் வாங்கி, பதிவு செய்யும்படி இங்கே விற்றது. உங்களுடையது அந்த மாதிரியா? வாங்கும்போது படிவம் 22, அதாவது வண்டி சாலைக்குத் தகுதியானது என்று கம்பெனி தருகிற சான்று, கொடுத்தார்களா?

நெகமம் தோப்புக்காரன்:
இல்லைங்க. பில் மட்டும்தான் இருக்கிறது.

ஈரோடு வக்கீல்:
அப்படியென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய வழியில்லை. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கடத்துங்கள்.

நெகமம் தோப்புக்காரன்:
அரை கிலோமீட்டருக்குத் தினம் இரண்டு தடவை ஏற்றி இறக்க ஆள் எங்கே கிடைக்கிறது, ஐயா? அப்பா தனியாக எப்படி ஏற்றுவார்? சரி, ஊராட்சியிடம் கேட்டுப் பயனில்லை என்பது புரிந்தது. ஆனால் தோப்புக்குத் தோப்பு கடக்க, மெதுவான வேகத்தில், லைசென்ஸ் உள்ளவர் மட்டும் ஓட்ட, விவசாயிக்கு என்று ஒரு விலக்கு சட்டத்திலேயே வர வேண்டும். எங்கள் எம்பிக்கு மனு எழுதத்தான் போகிறேன்.

ஆனைமலை டீச்சர்:
எழுதுங்க தம்பி. விடுதிகளுக்கும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் அந்த விலக்கு கிடையாது என்று அதே மனுவில் ஒரு வரி சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த வரி இல்லாவிட்டால் அதை எதிர்த்து எங்கள் ஊரில் இருந்து இன்னொரு மனு போகும்.