மல்லர் கம்பத்துக்கும் ஸ்டீல் கம்பத்துக்கும் பொதுவாக ஒரு சொல்வரிசை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பாம்பன்காத்து

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கரையோரத்தில் கம்பப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற சிலர் சேர்ந்து ஒரு பொதுச் சொல்வரிசை எழுத உட்கார்ந்திருக்கிறோம். பாதிப்பேர் மல்லர் கம்பத்திலிருந்து (மரக்கம்பத்தில் ஏறிச் செய்கிற உடற்பயிற்சி, மகாராஷ்டிரத்தில் வளர்ந்தது) வந்தவர்கள். மீதிப்பேர் 45 மி.மீ. ஸ்டீல் கம்பத்தில் போல் ஃபிட்னஸ் பழகியவர்கள். ஒரு பிள்ளை ஓர் ஊரில் கற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால், அங்கே சொல்வது புரியவில்லை.

சாப்பர், ஸ்ட்ராடில், இன்வெர்ட்டட் வி என்று மூன்று பேர் மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் தலைகீழாகப் போய்க் காலிரண்டையும் அகட்டி நிற்கிற அந்த ஒரே நிலைதான். ஆயிஷா (கைப்பிடியில் மட்டும் தலைகீழாய் நின்று காலிரண்டையும் கம்பத்தைவிட்டு அகட்டுகிற நிலை) என்ற பெயர் இதற்கு நேர்மாறு. முழங்கை மடிப்பில் பிடித்தாலும் ஆயிஷா, முறுக்குப்பிடியில் பிடித்தாலும் ஆயிஷா. பெயரைக் கேட்டால் உருவம் தெரிகிறது, பிடி தெரிவதில்லை. கீழக்கரையில் இந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் வகுப்பில் ரெண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

கேட்க விரும்புவது இதுதான். பெயரை உருவத்தை வைத்து வைப்பதா, பிடியை வைத்தா? தலைகீழானதும் இடம், வலம், மேல், கீழ் எல்லாம் குழம்புகிறதே, அதற்கு என்ன வழி? பனையேறிகளிடமும் கடல்காரர்களிடமும் இருக்கிற சொற்களை எடுத்துக்கொள்ளலாமா? மல்லர் கம்பத்தின் மராத்திச் சொற்களை அப்படியே வைக்கலாமா?

பதில் 1: சங்குக்குளி

முதலில் திசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அது தீராமல் வேறு எந்தச் சொல்லும் நிற்காது.

நம் கரையில் கிடைக்கிற சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கிடைப்பதை நாம் இடம்புரி என்கிறோம். அபூர்வமாகக் கிடைப்பது வலம்புரி. விலங்கியல் படித்தவர்கள் இதே சாதாரணச் சங்கை வலப்பக்கம் சுருண்டது என்று எழுதுவார்கள். அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறோம். சங்கு ஒன்றுதான், பார்க்கிற இடம் வேறு. கம்பத்திலும் இதே சிக்கல். மேலிருந்து பார்த்தால் வலம் சுற்றுகிறவர், அடியில் படுத்துப் பார்க்கிறவருக்கு இடம் சுற்றுகிறார்.

அதனால் பார்க்கிற இடத்தையே கேட்காத ஒரு விதி வேண்டும். கோயிலை வலம் வருகிற மாதிரி, கம்பம் வலக்கைப் பக்கம் இருக்க முன்னோக்கி நடந்து சுற்றினால் அது வலம். கம்பம் இடக்கைப் பக்கம் இருந்து முன்னோக்கிப் போனால் இடம். பின்னோக்கிப் போனால் பெயரோடு ‘பின்’ சேருங்கள்: பின்வலம், பின்னிடம். பின்வலம் என்றால் கம்பம் வலப்பக்கம்தான், ஆனால் உடம்பு எதிர்த்திசையில் ஓடும். இதை எழுதி வைக்காவிட்டால் சண்டை வரும்.

அடுத்து உள், வெளி. தரையில் நிற்கும்போது கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கால் உள்கால், தள்ளி இருக்கிறது வெளிக்கால். முக்கியமான விதி: இந்தப் பெயர் தரையைவிட்டுக் காலை எடுக்கும்போதே முடிவாகிவிட வேண்டும். தலைகீழாய்ப் போனாலும், உடம்பு திரும்பினாலும், மாறக்கூடாது. ஜெமினி, ஸ்கார்பியோ என்ற இரண்டு தொங்கல்களும் (ஒரு முட்டி மடிப்பில் கம்பத்தைப் பிடித்துத் தலைகீழாய்த் தொங்குவது) ஊருக்கு ஊர் இடம் மாறிக் கிடப்பதற்குக் காரணம், அந்தப் பெயர்களில் எந்தக் கால் என்பதே இல்லை. ‘வெளிக்கால் தொங்கல்’, ‘உள்கால் தொங்கல்’ என்று சொல்லிவிட்டால் வாதமே இல்லை.

பெயர் வைக்கிற வரிசைக்கு என் யோசனை: பக்கம், பிடி, கால், கடைசியில் உருவம். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கார்டு போட்டு அதில் இப்படி எழுதுங்கள்:

*வலப்பக்கம். கை: நெஞ்சு உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்று. கால்: வெளிக்கால் கொக்கி (இடது முட்டிக்குப் பின்குழி). உடம்பு படுகிற இடம்: வலது விலா. கையை விடுமுன்: குதிகாலைப் பிட்டத்துப் பக்கம் இழுத்து, முட்டியை இறுக்கு.*

உருவத்தின் பெயர் கடைசியில் வந்தால் போதும். ‘பட்டாம்பூச்சி’ என்று சொல்லிப் பழக்கினால் பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் காலை வைப்பார்கள். எந்தத் தோல் கம்பத்தைப் பிடித்திருக்கிறது என்பது படத்தில் தெரியாது, விழுவது அங்கேதான்.

கைப்பிடிக்கு உருவப்பெயர் கூடவே கூடாது. விரிபிடி என்றால் மேல்கை இழுக்கும், கீழ்க்கை தள்ளும். முறுக்குப்பிடி என்றால் மேல்கையின் கட்டைவிரல் தரையைப் பார்க்கும், தோள் உள்பக்கம் திரும்பிய நிலையிலேயே உடம்பின் பாரம் முழுக்கத் தொங்கும். தோள் பலப்படாதவர் முறுக்குப்பிடியில் தொங்கினால் வலி நிச்சயம். இரண்டையும் ஒரே ‘ஆயிஷா’வுக்குள் போட்டு மூடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

பதில் 2: தளைநார்

சங்குக்குளி அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனால் ‘கொக்கி’ என்ற சொல்லை இரண்டு கம்பத்துக்கும் பொதுவாக வைக்காதீர்கள்.

45 மி.மீ. குழாயின் சுற்றளவு 14 செ.மீ. சொச்சம். முட்டி மடித்தால் பின்குழிக்குள் கம்பம் முழுசாக உட்கார்ந்துவிடும். அது கொக்கிதான். தரையில் நட்ட நிலை மல்லர் கம்பத்தின் அடிப்பக்கச் சுற்றளவு 53 முதல் 55 செ.மீ. அந்தப் பருமனுக்கு ஒரு முட்டி மட்டும் மடிந்து பிடிக்காது. ரெண்டு காலும் இரண்டு பக்கமிருந்து நெருக்கினால்தான் நிற்கும். அதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: கிட்டி. பல்லைக் கிட்டிப்பது, கிட்டி போட்டு இறுக்குவது என்று சொல்கிறோமே, அதே கிட்டி. மல்லர் கம்பத்தில் மேலே போகப்போகப் பருமன் குறையும். உச்சியில் கழுத்துப் பகுதி மெலிந்திருப்பதால் அங்கே கொக்கியும் போடலாம். ஆகவே எந்த இடத்தில் என்றும் கார்டில் வர வேண்டும்: அடி, நடு, கழுத்து, தலை.

கையிடுக்கில் பிடிப்பதற்கு இடுக்கு. கக்கத்தில் இடுக்குவது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு: கக்க இடுக்கு, முழங்கை இடுக்கு. கயிறு மல்லர் கம்பத்தில் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைப் பிடிப்பதையும் விரல் இடுக்கு என்றே சொல்லிவிடலாம். கொக்கி, கிட்டி, இடுக்கு என்ற இந்த மூன்றோடு நிறுத்துங்கள். பத்து வினைச்சொல் வைத்தால் யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள்.

பனையேற்றச் சொற்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீல் கம்பத்தின் அடிப்படை ஏற்றத்துக்குப் ‘பனையேற்றம்’ என்று பெயர் வைக்கப் பலருக்கும் ஆசை. வைக்காதீர்கள். பனையில் உள்ளங்கால் இரண்டும் மரத்தை மிதிக்கும், தளைநார் அவற்றைப் பிரியவிடாமல் கட்டிவைக்கும். ஸ்டீல் கம்பத்தில் உள்ளங்கால் கம்பத்தைத் தொடவே தொடாது. ஒரு காலின் முன்னெலும்பு ஒருபக்கம், மற்றக் காலின் கெண்டைச்சதை மறுபக்கம், நடுவில் கம்பம். முட்டியை நெருக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும், நின்ற பிறகுதான் கை மேலே போக வேண்டும். பனையேற்றம் என்று சொன்னால், பனை பார்த்து வளர்ந்த பிள்ளை உள்ளங்காலைக் கொண்டுபோய் ஸ்டீலில் வைக்கும், வழுக்கும். ‘கிட்டி ஏற்றம்’ போதும். தொழில் சொல்லை எடுத்தால் தொழிலில் உள்ள அசைவும் அதோடு வர வேண்டும்.

எண்ணெயைப் பற்றியும் கார்டில் ஒரு வரி சேருங்கள். மல்லர் கம்பத்துக்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள். அந்தக் கையோடும் காலோடும் யாரும் ஸ்டீல் கம்பத்தைத் தொடக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான். ஒரே இடத்தில் இரண்டும் நட்டிருந்தால் முதலில் ஸ்டீல், பிறகு மரம் என்று வகுப்பை வையுங்கள்.

பதில் 3: கச்சான்

எழுதுகிற சொல் வேறு, கூப்பிட்டுச் சொல்கிற சொல் வேறு. இதுவரை யாரும் இரண்டாவதைத் தொடவில்லை.

தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. ‘விடாதே’ என்று கத்தினால் காற்றில் முதலில் போய்ச் சேர்வது ‘விடு’ மாதிரிதான் கேட்கும். ‘நீட்டாதே’ என்பது ‘நீட்டு’ ஆகிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் சோழகக் காற்று அடிக்கிற நாளில் திறந்தவெளியில் வகுப்பு வைத்துப் பாருங்கள், வால் கேட்கவே கேட்காது. ஆகவே தலைகீழாகத் தொங்குகிறவரிடம் ‘-ஆதே’ வாக்கியமே பேசக்கூடாது. விடாதே என்பதற்கு இறுக்கு. ஆடாதே என்பதற்கு நில். நீட்டாதே என்பதற்கு மடி. நிறுத்தச் சொல்ல இறங்கு. இந்த நான்கும் ஆரம்ப ஓசையிலேயே முடிந்த மட்டும் வேறுபடுகின்றன. இறுக்கு, இறங்கு இரண்டுக்கும் முதல் ஓசை ஒன்று என்பதால் அங்கே மட்டும் உஷார்: இறங்கு என்பதற்குப் பதில் தரைக்கு என்று வையுங்கள்.

மேலே, கீழே என்பதையும் எடுத்துவிடுங்கள். தலைகீழாய் இருக்கிறவருக்கு ‘கையை மேலே கொண்டு போ’ என்றால் தன் தலைப்பக்கம் கொண்டுபோவார், அது தரைப்பக்கம். கம்பத்தைச் சொல்லும்போது வானம், தரை. உடம்பைச் சொல்லும்போது தலைப்பக்கம், கால்பக்கம். நாலு சொல், நாலும் எப்போதும் மாறாதவை.

உறுப்பை முதலில், வேலையைப் பிறகு சொல்லுங்கள். ‘வெளிக்கால், மடி’. ‘மடி வெளிக்காலை’ என்றால் முதல் சொல் காதில் விழுந்ததும் எந்தக் கால் கிடைக்கிறதோ அதை மடித்துவிடுவார்கள்.

பாம்பன்காத்து

நன்றி. கார்டைத் திருத்துகிறோம். ஒரு கேள்வி: பார்வையாளர் பக்கம் எது என்று சொல்ல ‘கடல்பக்கம், கரைப்பக்கம்’ என்று வைத்திருந்தோம். சரிவருமா? மராத்திச் சொற்களைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

பதில் 4: சங்குக்குளி

தொண்டியில் சரிவரும், மண்டபத்தில் வராது. அங்கே வடகடலும் தென்கடலும் ரெண்டு பக்கமும் இருக்கின்றன. ‘ஆள்பக்கம்’ என்று வையுங்கள், உட்கார்ந்து பார்க்கிற ஆட்கள் இருக்கிற பக்கம்.

மராத்திச் சொற்களில் மல்லர் கம்பத்துக்காரர்கள் பல வருஷம் பழகியவை இருக்கின்றன, அவற்றைப் பிடுங்கி எறிவது மரியாதையில்லை. ஆனால் தமிழ்க் காதில் வேறு பொருள் தருபவை ஆபத்து. காலால் கம்பத்தைப் பற்றி ஏறுகிற வகையை அவர்கள் சொல்கிற சொல் நம் எழுத்தில் ‘அடி’ என்றுதான் வரும். நமக்கு அடி என்றால் பாதம், அடிப்பக்கம், அடித்தல். பயிற்சியாளர் ‘அடி போடு’ என்று சொல்வதைப் புதிய பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? கம்பத்தின் அடிப்பக்கம் என்று வேறு இப்போதுதான் தளைநார் எழுதியிருக்கிறார். ஆகவே அது கிட்டிக்குள் வரட்டும். ‘வேல்’ இன்னும் மோசம். மராத்தியில் அது படரும் கொடி, கம்பத்தைச் சுற்றிப் படர்கிற தொடர். நமக்கு முருகன் கையில் இருப்பது. சரி, கொடி என்று மொழிபெயர்த்துவிடலாம் என்றால், கம்பத்திலிருந்து உடம்பைப் பக்கவாட்டில் கிடையாக நீட்டி நிற்கிறதற்கும் நம்மவர்கள் கொடி என்கிறார்கள். முதலாவதைப் படர்கொடி என்றும் இரண்டாவதைப் பாய் என்றும் பிரியுங்கள். காற்றில் விரிந்த பாயைப் பார்த்த கரைக்கு விளக்கம் தேவையில்லை.

ஊசி நூல் மாதிரி உடம்பைக் கைக்கும் கம்பத்துக்கும் நடுவில் நுழைத்து வெளியே எடுப்பதை அவர்கள் சுயிதோரா என்பார்கள். ‘ஊசிநூல்’ என்று வைத்தால் பொருளும் மாறாது, அசைவும் கண்ணில் தெரியும். இப்படிப் பொருந்துவதை மட்டும் தமிழாக்குங்கள். சலாமி மாதிரி ஏற்கெனவே பழகிப்போன சொல்லை யாரும் மாற்ற வேண்டாம்.

பதில் 5: தளைநார்

கார்டு எழுதி முடித்ததும் அச்சடிக்குமுன் ஒரு சோதனை வையுங்கள். அந்த அசைவைப் பார்த்தே இராத, ஆனால் ஏறத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, படம் காட்டாமல் கார்டை மட்டும் வாசியுங்கள். தலைகீழாய்ப் போக வேண்டாம். பாயில் மல்லாந்து படுத்து, கம்பத்தின் அடியை விலாப்பக்கம் வைத்துக்கொண்டு காலை மட்டும் போடச் சொல்லுங்கள். தவறான கால் வந்தால் தப்பு கார்டில். மூன்று வெவ்வேறு ஊர் ஆட்கள் சரியான காலைப் போட்டால் அந்தக் கார்டை வையுங்கள். தேவிபட்டினத்துக்காரர் எழுதியதைத் தேவிபட்டினத்துக்காரரிடமே சோதிக்காதீர்கள், எழுதாத பாதியையும் அவர் தானாகவே புரிந்துகொள்வார்.

முதலில் தொங்கல் இரண்டு, கிட்டி ஏற்றம், விரிபிடி, முறுக்குப்பிடி என்று இந்த ஐந்துக்கு மட்டும் கார்டு போடுங்கள். விழுகிறதும் தோள் போகிறதும் பெரும்பாலும் இவற்றில்தான். சுற்றுகளும் உருவங்களும் பிறகு வரட்டும்.