தமிழ் நோட்டீஸுக்கு லீடிங்கும் பச்சை நிறமும்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்துக்காக, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒரு ஏ4 நோட்டீஸ் செய்துகொண்டிருக்கிறேன், ஆஃப்செட்டில் அச்சாகப் போகிறது. இரண்டு இடத்தில் நிற்கிறேன்.

முதலில் லீடிங், அதாவது வரிகளுக்கு இடையே விடும் தூரம். எழுத்துரு மீரா இனிமை, 11 பாயின்ட். ஆங்கிலத்துக்கு வழக்கமாக வைக்கும் 120 சதவீதக் கணக்கில் 13.2 வருகிறது. அப்படி வைத்தால் மேல் வரியின் 'ழு' வாலும் கீழ் வரியின் 'கீ' சுழியும் நெருக்கியடிக்கின்றன. 17 வைத்தால் பத்தியே கலைந்து தெரிகிறது. தமிழ்ப் புத்தகம் வடிவமைப்பவர்கள் என்ன விகிதம் வைக்கிறீர்கள்? தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் இன்டிசைன் வசதியான வேர்ல்டு-ரெடி கம்போசர் போட்டாயிற்று, கொம்பும் காலும் சரியாகவே வருகின்றன.

அப்புறம் நிறம். திரையில் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி கலக்கும் முறை) பளிச்சென்று இருக்கும் கிளிப்பச்சை, சிஎம்ஒய்கேவுக்கு (சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மை கலக்கும் அச்சு முறை) மாற்றியதும் மங்கிவிடுகிறது. நான்கு மையில் அதே பளிச்சு வராது, சரி. ஸ்பாட் கலர், அதாவது அந்த நிறத்துக்கென்றே தனியாகக் கலந்த மை என்றால் இன்னொரு பிளேட் (அச்சுத் தகடு), நூலகத்துக்குக் கட்டுப்படியாகாது. மெஜந்தாவும் கறுப்பும் சேர்க்காமல், சயானும் மஞ்சளும் மட்டும் கலந்து நல்ல பச்சை எடுத்தவர்கள் சதவீதம் சொல்லுங்கள். தாள், பூச்சு இல்லாத மேப்லித்தோ. பிள்ளைகள் கையில் போகும் நோட்டீஸ், பார்த்ததும் அவர்களுக்குப் பிடிக்க வேண்டும்.

அச்சான மாதிரியின் படம் இருந்தால் அதையும் போடுங்கள்.