டீசல் வரியை ஏற்றினால் மலை வண்டிக்கு என்ன மிஞ்சும்?

கோத்தகிரி பிக்கப்:
மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப் போகிறவன் நான். ரோடு போட டீசல் வரியையும் அரசு வாங்கும் வண்டிக் கட்டணத்தையும் ஏற்றினால் தப்பில்லை என்கிறார் மச்சான். அவருக்கென்ன, கோவையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். இறங்கும்போது லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற என் வண்டி, காலியாக ஏறும்போதே 9-க்கு வந்துவிடும். மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டினால் இரண்டாம் கியர்தான். அதே தூரத்துக்கு நான் மட்டும் ஏன் கூடுதல் வரி கட்ட வேண்டும்?

ஊட்டிக்காரன்:
இப்போதே இங்கே டீசலுக்கு வாட் என்கிற மாநில வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. மத்திய கலால் வரி தனி. 2023 நவம்பரில் வாகன வரியும் ஏறியது. எங்கள் வளைவில் சரிந்த இடத்தில் இன்னும் மணல் மூட்டைதான்.

குன்னூர் டீச்சர்:
அண்ணா, வரி வேண்டாமென்றால் தடுப்புச்சுவரை யார் கட்டுவது? பஸ்ஸில் போகிற எனக்கும் ரோடு வேண்டுமே.

கோத்தகிரி பிக்கப்:
சரி டீச்சர், கட்டட்டும். 2024 மே முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்து வருகிற சுற்றுலா கார்களிடம் வாங்கட்டும். போன வாரம் மூட்டைக்கு வாடகை அஞ்சு ரூபாய் கூட்டிக் கேட்டேன், கேரட் தோட்டக்காரர் போனையே வைத்துவிட்டார்.