புதுப்பிப்பு: நிறுத்தி வைத்த புதுக் காரில் பேட்டரி இறங்கும் சிக்கல் தீர்ந்தது

வாங்கி இரண்டாண்டுகூட ஆகாத காரைச் சில நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றும், சர்வீஸில் புதுப் பேட்டரி போடச் சொல்கிறார்கள் என்றும் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பேட்டரியை மாற்றும் முன் கசிவு மின்னோட்டத்தை, அதாவது கார் அணைந்திருக்கும்போதும் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தை, அளக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. பேட்டரியின் எதிர்முனைக்கும் (நெகட்டிவ்) அதன் கேபிளுக்கும் இடையில் மல்டிமீட்டரை இணைத்து, காரைப் பூட்டி, உள்ளிருக்கும் கணினிகள் அடங்கும்வரை அரை மணி நேரம் பொறுத்த பிறகும், பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டிய அளவு 270 என்றே காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றியதில், டாஷ்கேமரா இணைந்திருந்த ஃபியூஸை எடுத்ததும் 30-க்கு இறங்கியது. விற்பனையின்போது கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு டீலரே பொருத்திய கேமரா அது! 270 மில்லியாம்பியர் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.5 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒரு வாரம் தாங்குவதே கடினம்.

இணைப்பைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றி, பேட்டரியை வெளிச் சார்ஜரில் இரவு முழுவதும் ஏற்றினேன்; பழைய பேட்டரியே போதுமானதாக இருக்கிறது. எதிர்பாராத விதமாக, நெடுநாளாக வேலை செய்யாதிருந்த ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியும் (சிக்னலில் நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைத்து, கிளம்பும்போது மீண்டும் இயக்குவது) திரும்பிவிட்டது. சார்ஜ் குறைந்தால் கார் அதைத் தானே நிறுத்திவைக்குமாம். கேமரா வாரண்டியில் சேராது என்பதால், இணைப்பை மாற்றிய கூலி மட்டும் என் தலையில் விழுந்தது.