வழக்கில் தோற்றவர் மீதே வழக்குத் தொடரலாமா? – 2022 தீர்ப்புகளை முன்வைத்து

கரிசல்வாசி

2002 குஜராத் கலவரத்தில் குல்பர்க் சொசைட்டியில் 69 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் எஹ்சான் ஜாஃப்ரியின் மனைவி ஜாக்கியா, கலவரத்தின் பின்னே பெரிய சதி இருந்ததென்று கூறித் தொடுத்த மேல்முறையீட்டை 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவருடன் சேர்ந்து வழக்காடிய மனித உரிமைச் செயற்பாட்டாளர் தீஸ்தா செதல்வாட்டை மறுநாளே குஜராத் காவல்துறை மும்பையில் பிடித்தது. முதல் தகவல் அறிக்கையில் தீர்ப்பின் வரிகளே எடுத்தாளப்பட்டிருந்தன. மூன்று வாரங்கள் கழித்து, சத்தீஸ்கரின் கோம்பாட் பகுதியில் 2009இல் ஆதிவாசிகள் கொல்லப்பட்டது குறித்துச் சுதந்திரமான விசாரணை கோரிய சமூகச் செயற்பாட்டாளர் ஹிமான்ஷு குமாரின் மனுவும் தள்ளுபடியாகி, அவருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்காக நீதிமன்றப் படியேறுகிறவர் தோற்றால் அவரே குற்றவாளி என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நெறியாளன்

ஐயா, தோற்றதற்காக தீஸ்தா கைது செய்யப்படவில்லை. ஆவணங்களைப் புனைந்தார், சாட்சிகளின் பிரமாணப் பத்திரங்களைத் தயாரித்துக் கொடுத்தார் என்பதே குற்றச்சாட்டு. ஜாக்கியாவின் சதிப் புகாரை விசாரித்ததும் மாநிலக் காவல்துறை அல்ல, உச்ச நீதிமன்றமே 2008இல் அமைத்த, ஆர்.கே. ராகவன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு. சதிக்கு ஆதாரமில்லை என்று அது கண்டறிந்ததை ஏற்க மறுத்து, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகள் மீது சதிப் பழி சுமத்துவதும் ஒரு மனித உரிமை மீறல்தான். பொய்க் குற்றச்சாட்டால் சிறை செல்கிறவருக்கும் குடும்பம் உண்டு. மனித உரிமைப் பணி செய்கிறார் என்பதற்காக ஒருவருக்கு மட்டும், பொய்க் குற்றம் சாட்டுவதைத் தண்டிக்கும், அப்போது நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 211 பொருந்தாது என்று சொல்ல முடியுமா?

தென்பொருநை

பிரிவு 211 எல்லோருக்கும் பொருந்தும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் பேசுவோம். குற்றம் சாட்டுவதற்கு நியாயமான அடிப்படை இல்லை என்று தெரிந்தே, பிறருக்குத் தீங்கிழைக்கும் நோக்கத்தோடு குற்றம் சாட்டியிருக்க வேண்டும் என்கிறது அது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாமல் போவது வேறு, பொய்யென்று தெரிந்தே சொல்வது வேறு. ஜாக்கியா வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரனே சில முக்கியமான கேள்விகளில் புலனாய்வுக் குழுவின் முடிவிலிருந்து மாறுபட்டு 2011இல் அறிக்கை அளித்தார். நீதிமன்றம் நம்பி நியமித்தவருக்கே ஐயம் எழுந்த இடத்தில் மனுதாரர்களும் ஐயுற்றதை எப்படிக் கெட்ட எண்ணம் என்பீர்கள்?

இதைவிட முக்கியமானது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 195. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் தரப்பட்டதாகக் கருதினால் அந்த நீதிமன்றமே எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். அதற்கு முன் பிரிவு 340இன்படி ஆரம்பகட்ட விசாரணை நடத்தலாம். தோற்ற தரப்பை வென்ற தரப்பு பழிவாங்காமல் இருக்கவே இந்தத் தடுப்புச் சுவர். இங்கே புகார் கொடுத்தது காவல்துறை. அதுவும் எந்த அரசின் செயலைக் கேள்வி கேட்டார்களோ அந்த அரசின் காவல்துறை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் பிரிவு 215 இதையே சொல்கிறது.

நெறியாளன்

பிரிவு 195 பற்றிய உங்கள் வாதம் வலுவானது. ஆனால் அதை எழுப்ப வேண்டிய இடம் விசாரணை நீதிமன்றம். ஆவணப் புனைவு நீதிமன்றத்துக்கு வெளியே நடந்திருந்தால் அந்தத் தடை பொருந்தாது என்ற தீர்ப்புகளும் உண்டு. தீஸ்தாவுக்குப் பிணையும் கிடைத்துவிட்டது. பிறகென்ன தடை?

கரிசல்வாசி

எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் காவலில் இருந்த பின், 2022 செப்டம்பரில் இடைக்காலப் பிணை. 2023 ஜூலை 1 அன்று குஜராத் உயர் நீதிமன்றம் உடனே சரணடையச் சொன்னதால், சனிக்கிழமை இரவில் உச்ச நீதிமன்றம் கூடித் தடை விதிக்க வேண்டியதாயிற்று. முறையான பிணை ஜூலை 19 அன்றுதான் வந்தது. நாடறிந்த வழக்கறிஞர்கள் பின்னால் நின்றவருக்கே இந்த அலைச்சல் என்றால், சத்தீஸ்கரின் பஸ்தரில் ஒரு கிராமத்துக்காக மனு எழுதித் தருகிற இளைஞர் என்ன செய்வார்?

பாலைக்குயில்

மூவரும் சிறையைப் பற்றியே பேசுகிறீர்கள், பணத்தையும் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. சட்டச் செலவும் அந்த நிர்வாகக் கணக்கில்தான் சேர்கிறது. பெரிய அமைப்பு பெற்ற தொகையைச் சிறிய அமைப்புக்குப் பகிர்வதும் தடுக்கப்பட்டது. கைது செய்தால் செய்தியாகும். வழக்கறிஞருக்குத் தரப் பணமில்லாமல் கைவிடப்படும் வழக்கு செய்தியாவதே இல்லை.

நெறியாளன்

அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது அடிப்படை உரிமை அல்ல. உள்நாட்டில் நிதி திரட்டுங்கள், யார் தடுத்தார்கள்?

தென்பொருநை

அரசின் மீது வழக்குத் தொடுக்கும் அமைப்புக்கு, அரசோடு தொழில் உறவு வைத்திருக்கும் எந்த நிறுவனம் இங்கே நன்கொடை தரும்? 1980களில் பொதுநல வழக்கை வளர்த்தபோது, வறியவரால் வர முடியாவிட்டால் அவருக்காக வேறொருவர் வரலாம் என்று உச்ச நீதிமன்றமே கதவைத் திறந்தது. அப்படி வந்தவர்தான் ஹிமான்ஷு குமார். அபராதத்தோடு நிற்காமல், அவர் மீது பிரிவு 211இன்கீழ் நடவடிக்கை எடுப்பதையும் அந்தத் தீர்ப்பு அரசின் முடிவுக்கு விட்டது. அவருடைய மனுவில் இன்னின்ன வரி தெரிந்தே சொன்ன பொய் என்று உங்களால் சுட்டிக்காட்ட முடிந்தால், அதை இங்கே எடுத்து வையுங்கள்; அதன்மீது பேசலாம்.